தவிட்டுக்குப் போன தம்பி

போன வாரம் மடுகரையில் ஒரு பிரசவம். குழந்தையைக் குளிப்பாட்டியதும் வீட்டுப் பெரியவர்கள் தூபக்காலில் சாம்பிராணியைத் தூவித் தொட்டிலுக்கு அடியில் தள்ளினார்கள். புகை துணியைத் துளைத்துக்கொண்டு மேலே வந்தது. குழந்தை தும்மியது. மருத்துவச்சி வேலைக்கு வந்த நாளாக நான் பார்க்காத புகையா? கத்தரியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பாயில் கிடந்த தாய்தான் மெதுவாகக் கேட்டாள்:

"யக்கா, இந்தப் பொக புள்ளைக்கு ஆவுமா? மூத்தவன் இழுப்பு வந்து படாதபாடு படறான். இதுக்கும் வந்துடுமா?"

கத்தரியைக் கீழே வைத்தேன். கோதண்டம்தான் நினைவுக்கு வந்தான்.

கோதண்டம் என் தம்பி. எங்கள் வீடு பாகூர் ஏரிக்குக் கிழக்கே, ஓடு போட்ட கல்வீடு. மூன்று பெண்களுக்குப் பிறகு வந்த ஆண் என்பதால் அவனைக் காற்றுக்கும் காட்டாமல் வளர்த்தார்கள். சன்னல் மூடியே இருக்கும். புதிதாகத் தைத்த இலவம்பஞ்சு மெத்தை. காலையும் மாலையும் சாம்பிராணி. சுவருக்கு அப்பால் நெல் மூட்டைகள். மாட்டுப் பக்கம் போய் வந்தவர்கள் குளிக்காமல் அவனைத் தொடக்கூடாது. மூன்றாவது பெண்ணான என்னை யாரும் அவ்வளவாகக் கவனிக்கவில்லை. எருக்குழியில் வீடு கட்டி விளையாடினேன். கன்றுக்குட்டி என் முகத்தை நக்கும், நான் பதிலுக்கு அதன் காதைக் கடிப்பேன். எனக்கு ஒரு தும்மல்கூட வந்ததில்லை.

அவனுக்கு ஒரு வயது நிரம்புமுன் ஆரம்பித்தது. நாதசுரக்காரர் சீவாளியை வாயில் வைத்துச் சரிபார்ப்பாரே, அந்தச் சத்தம் அவன் நெஞ்சுக்குள் கேட்கும். விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே போய் உள்ளே போய் வரும். தூதுவளை, ஆடாதோடை, துளசி எல்லாம் பார்த்தாயிற்று. புதுச்சேரிக்குக் கூட்டிப் போனார்கள். டாக்டர் இழுப்புக்குப் பிரெஞ்சில் 'அஸ்ம்' என்று பெயர் சொல்லி, ஒரு பொடியைக் கொடுத்துக் கொளுத்தி முகரவைக்கச் சொன்னார். ஆக, இன்னொரு புகை.

கடைசியில் பிள்ளையைத் தவிட்டுக்கு விற்பது என்று முடிவாயிற்று. நோய்ப்பிள்ளையை ஒரு பிடி தவிட்டுக்கு விற்றுவிட்டால், 'இது இந்த வீட்டுப் பிள்ளை இல்லை' என்று நோய் விலகிப்போகும். அன்று மாலையே திரும்ப அழைத்துக்கொள்ளலாம். பின்னாளில் அதே அளவு தவிட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் கணக்குத் தீர்ந்தது, பிள்ளை நம்முடையது. வாங்க வந்தவள் பச்சையம்மா. ஊர் மாடுகளை மேய்க்கும் குடும்பம், ஏரிக்கரைக் கொட்டாயில் இருந்தார்கள். ஒரு தட்டிக்கு இந்தப் பக்கம் மனிதர்கள், அந்தப் பக்கம் மாடுகள்.

முறத்தில் கிடந்தவனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எலும்பும் தோலுமா கீதும்மா. இதுக்கு ஒரு ஆழாக்கு ஜாஸ்தி."

"குடுக்கறதக் குடுத்துட்டுத் தூக்கினு போடி," என்று அம்மா சிரித்துக்கொண்டே அழுதாள்.

மாலையில் அழைத்துவரப் போனபோது அவன் கன்றுக்குட்டிக்குப் பக்கத்தில் சாக்கின்மேல் தூங்கிக்கொண்டிருந்தான். நெஞ்சில் சத்தமே இல்லை. எழுப்ப மனமில்லாமல் அம்மா அங்கேயே விட்டுவிட்டு வந்தாள். நாலைந்து நாள் கழித்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம். மறுநாளே சீவாளி ஊதத் தொடங்கிவிட்டது.

"வித்த புள்ளய வூட்ல வச்சிக்கினா சும்மா வுடுமா?" என்றார்கள் அக்கம்பக்கத்தார். திரும்பவும் கொட்டாய்க்கே போனான். நோய்க்குச் சந்தேகம் வரக்கூடாதே, அதனால் பச்சையம்மாவை 'யம்மா' என்றும், பெற்றவளை 'பெரிம்மா' என்றும் கூப்பிடப் பழக்கினார்கள். மோர் வாங்குகிறேன் என்று அம்மா தினமும் ஏரிக்கரைக்குப் போவாள். எங்கள் வீட்டிலேயே இரண்டு பசு கறந்துகொண்டிருந்தது.

நான் மருத்துவச்சிப் படிப்பு முடித்த பிறகு இதைப் பலமுறை பிரித்துப் பார்த்திருக்கிறேன். சாம்பிராணியா, பஞ்சா, நெல் தூசியா, மூடிய சன்னலா? இல்லை, மாட்டுக்கு நடுவே கிடந்ததே நல்லதாகிவிட்டதா? ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அம்மா வீட்டையே மாற்றிவிட்டாள். அதில் எதைக் கண்டுபிடிப்பது? கொட்டாய்தான் மருந்து என்றும் சொல்வதற்கில்லை. மடுகரைக்காரியின் மூத்த பையன் படுப்பதே மாட்டுக் கொட்டாய்க்குப் பக்கத்தில்தான்.

கோதண்டத்துக்கு ஏழு வயது ஆனபோது மேய்ச்சல் தரையில் கரும்பு நட்டுவிட்டார்கள். பச்சையம்மா புருஷன் மாடுகளை ஓட்டிக்கொண்டு பிரெஞ்சு எல்லையைத் தாண்டி இங்கிலீஷ்காரன் பக்கம் போய்விடுவது என்று கிளம்பினான். அம்மா சன்னலைத் திறந்தாள், மெத்தையை வெளியே தூக்கிப்போட்டாள், தூபக்காலைக் கவிழ்த்துவைத்தாள். பிள்ளையை வரவழைத்துப் பார்த்தாள். இரண்டாம் நாள் சாயங்காலம் அவன் தூணைப் பிடித்துக்கொண்டு, தோள் இரண்டும் காதுவரை ஏற, மூச்சுக்குத் தவித்தான்.

விடிந்ததும் அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு பச்சையம்மாவோடு எல்லைவரை நடந்தாள். முந்தானையில் ஒரு முடிச்சு. உள்ளே தவிடு. எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்திருப்பாள். நானும் பின்னால் ஓடினேன்.

சுங்கச் சாவடியில் மாடுகளை எண்ணிய காவல்காரர் வேடிக்கைப் பேச்சுக்காரர். "மாடு சரி, கன்னு சரி. இது இன்னா, புள்ளயையும் கடத்தறீங்களா? மொகம் பெரிய வூட்டுக் களையா கீதே!"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் குனிந்து, "யாரு புள்ளடா நீ?" என்றார்.

கோதண்டம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பச்சையம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"அவ புள்ளதான்," என்றாள் அம்மா. "நான் வழியனுப்ப வந்தன்."

பிறகு முந்தானையை அவிழ்த்து, கைநிறைய இருந்த தவிட்டைக் கன்றுக்குட்டியின் வாயருகே நீட்டினாள். அது நக்கி முடிக்கும்வரை அப்படியே நின்றாள்.

கொட்டாய் இருந்த இடமும் இப்போது கரும்புதான். மடுகரைக்காரியிடம், "புகய நிறுத்திப் பாரும்மா," என்றேன். பாரும்மா என்பதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியாது. அவள் முகம் தெளியவில்லை.

கோதண்டம் பொங்கலுக்குப் பிறகு ஒருநாள் வருவான். என்னைவிட உயரம், நல்ல மார்பு. அவனுக்காக அம்மா ஒழித்த அறையில் இன்று எதுவுமே இல்லை. மெத்தை, தலையணை, தூபக்கால், திரைத்துணி, சுவருக்கு அப்பால் இருந்த நெல் மூட்டைகூட. எது காரணம் என்று தெரியாததால் எல்லாவற்றையும் எடுத்துவிட்டாள். வெறும் தரையில் சம்மணம் போட்டுச் சாப்பிடுவான். சாப்பிட்டதும் சன்னல் வழியாகப் பொழுதைப் பார்ப்பான்.

"ராத்திரி இருந்துட்டுப் போயேன்டா."

"இல்ல பெரிம்மா. மாடு கட்டணும்."