ஹமீதாவின் இரண்டு தாள்கள்

டொக்டர் ஹமீதாவின் மகன்தான் தொலைபேசியில் சொன்னார். "அங்கிள், உம்மா சுபஹுக்கு மவுத்தாயிட்டா. லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம்." என் வீடு இருக்கும் ஓர்ஸ் ஹில்லிலிருந்து அவருடைய ஊரான கிண்ணியாவுக்குப் பாலத்தால் போய்ச் சேர்ந்தேன். அந்த நாட்களில் பாலம் இல்லை. அவர் தினமும் 'பாதை' என்கிற மிதவைப் படகில் ஏறிக் கடலைக் கடந்துதான் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வேலைக்கு வந்தார்.

பந்தலுக்குள் கதிரைகளில் இருந்த நீங்கள், எங்களோடு ஆஸ்பத்திரியில் வேலை செய்தவர்கள் எல்லோரும் ஒரே கதையைத்தான் சொன்னீர்கள். ஹமீதா எந்த அறிக்கையிலும் தனியாகக் கையெழுத்து வைக்கமாட்டார். "நீங்களும் ஒருக்காப் பாருங்கோ" என்று எதிரில் வருபவரிடம் தாளை நீட்டுவார். 'ரெண்டுதரம் டொக்டர்' என்று பட்டம் வைத்ததையும் சொல்லிச் சிரித்தீர்கள், அழுதீர்கள். அவர் அப்படிப்பட்டவராக எங்களிடம் வரவில்லை. அவரை அப்படி ஆக்கியவன் நான்.

யுத்தம் சற்று ஓய்ந்து, வீதி திறந்திருந்த காலம் அது. எங்கள் இதய நோயாளர் சிலரைக் கொழும்புக்கு அனுப்பிக் கதிர்மருந்து ஏற்றிப் படம் எடுப்போம். இதயத்தின் சுவர்கள் ஒன்றாகச் சுருங்க வேண்டும். சிலருக்கு ஒரு பக்கம் பிந்திச் சுருங்கும். எவ்வளவு பிந்துகிறது என்பதை அந்தப் படத்திலிருந்து ஓர் எண்ணாகக் கணக்கிடலாம். ஆனால் கணினித் திரையில் இதய அறையின் ஓரத்தைக் கையால்தான் கீற வேண்டும். கோடு சற்று விலகினால் எண் மாறும்.

இந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்று பார்க்கக் கொழும்பு நிபுணர் இருபது பேரின் படங்களை இறுவட்டில் அனுப்பினார். ஹமீதாவும் நானும் தனித்தனியே பார்த்து எழுத வேண்டும். மூன்று கிழமை கழித்து, முன்பு எழுதியதைப் பார்க்காமல் திரும்பவும் எழுத வேண்டும். இரண்டு தரமும் எண்கள் ஒத்துவராதவர்களுக்கு மறுபடி படம் எடுப்பதாக ஏற்பாடு. அதற்காக அவர்கள் எத்தனை சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறவேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும்.

இரண்டாம் தரம் பார்க்கவேண்டிய நாளில் படையினர் பாதைப் படகை மறித்துவிட்டார்கள். மழையில் நனைந்து, பதினொரு மணிக்குத்தான் ஹமீதா வந்தார்.

"நாளைக்குப் பாக்கலாமே," என்றேன்.

"இல்ல டொக்டர். மூண்டு கிழமை எண்டா மூண்டு கிழமைதான்."

ஈரத் தலைத்துணியோடு கணினிக்கு முன்னால் அமர்ந்தார். சிறிது நேரத்தில், "இது போன தரம் வந்த நம்பர் இல்லப் போல," என்றார்.

"அப்ப மாத்துங்கோவன்."

"எப்பிடி மாத்துற? இண்டைக்கு என்ர கண்ணுக்கு இதுதான் தெரியுது."

நான் அன்று காலையே என் பங்கை முடித்திருந்தேன். முதல் நான்கு பேரைப் பார்த்ததுமே எனக்கும் எண்கள் வேறாக வருவதாகப் பட்டது. மேசை லாச்சியில் என் பழைய தாளின் பிரதி ஒன்று இருந்தது. அதை வைத்திருக்கக் கூடாது. யுத்தம் நடந்த ஊர், தாள்கள் தொலைந்துவிடும் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லி வைத்திருந்தேன். அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பழைய எண் வரும்வரை கோட்டை நகர்த்தினேன். சந்தேகம் வராமலிருக்க அங்கொன்றும் இங்கொன்றும் சிறிது மாற்றி எழுதினேன். கை நடுங்குகிறவன் என்று கொழும்பில் யாரும் சொல்லிவிடக் கூடாது என்ற வீம்பு. வேறு காரணம் இல்லை.

நிபுணரின் கடிதம் வந்தது. ஹமீதாவின் எண்கள் ஒத்துவரவில்லையாம், ஆனால் என் எண்கள் ஒத்திருப்பதால் இந்த முறையை நம்பலாமாம், மறுபடி படம் எடுக்கத் தேவையில்லையாம், இனி நான் மட்டும் பார்த்தால் போதுமாம். அந்த இருபது பேரில் யாருக்கு என்ன பிழைத்தது என்று எனக்குத் தெரியாது. விசாரிக்கவும் எனக்குத் துணிவு வரவில்லை.

ஹமீதா தம்முடைய இரண்டு தாள்களையும் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். "கிழிச்சுப் போடுங்கோ டொக்டர், வெக்கமாக் கிடக்கு. படத்தில பிழை இல்ல, என்ர கண்ணிலதான் பிழை."

நான் அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறந்தேன். "பழகினாச் சரிவரும்," என்றேன்.

அடுத்த நாளிலிருந்துதான் அவர் தாளை நீட்டத் தொடங்கினார். ஓய்வுபெறும் வரை நீட்டினார். அவற்றில் அதிகம் என்னிடமே வந்தன. ஒருமுறைகூட அவர் பார்த்ததில் நான் பிழை கண்டதில்லை. அதையும் அவரிடம் சொன்னதில்லை. அடக்கம் முடிந்து திரும்பும்போது மகன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "உம்மா எந்த நாளும் உங்கட கதைதான். எத்தினை தரம் பாத்தாலும் ஒரே மாதிரிப் பாக்கிற ஆள் எண்டு சொல்லுவா." கையை இழுத்துக்கொள்ள முடியவில்லை.

அந்தத் தாள்களை நான் கிழிக்கவில்லை. எண்கள் ஒன்றோடொன்று ஒத்துவராத அந்த இரண்டு தாள்கள்தான் எங்கள் இரண்டு சோடிகளில் உண்மையான சோடி. நாளை, உங்களுக்கு எழுதும் இதை அவருடைய மகனிடம் வாசித்துக் காட்டி, அவற்றை அவர் கையில் கொடுத்துவிடுவேன். ஹமீதாவிடமிருந்து எனக்கென்று மிஞ்சுவது ஒன்றுதான். "பழகினாச் சரிவரும்" என்று நான் சொன்னபோது, அவர் என்னை நன்றியோடு பார்த்துத் தலையாட்டினார்.