லைட் பார்க்க எடுத்த மூன்று படங்கள்

அந்தக் குடும்பப் படத்தில் பதினான்கு பேர் இருக்கிறார்கள். நடுவில் மணப்பெண்ணும் மாப்பிள்ளையும். மாப்பிள்ளை பக்கம் அவருடைய அப்பா, அம்மா, இரண்டு தங்கைகள். பெண் பக்கம் அவளுடைய அண்ணன், அண்ணி, அண்ணியின் இடுப்பில் ஒரு குழந்தை, தாரை வார்த்துக் கொடுத்த பெரியப்பாவும் பெரியம்மாவும், அத்தை, அத்தையின் வீட்டுக்காரர், தாய்மாமன். பெண்ணின் அப்பா இறந்து அப்போதே ஆறு வருடம் ஆகியிருந்தது. ஆனாலும் அவர் படத்தில் இருக்கிறார். சந்தன மாலை போட்ட அவருடைய படத்தை அண்ணன் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி நிற்கிறார். இல்லாதவர் பெண்ணின் அம்மா. அவர் உயிரோடு, அதே மண்டபத்தில், பத்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். படத்தை எடுத்தவன் நான்.

என் ஊர் ஆயக்குடி. அப்பாவும் அம்மாவும் கொய்யாத் தோப்புகளில் கூலிக்குப் போனவர்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் நான். கல்லூரி முடித்து, இரண்டு வருடம் இன்னொருவரிடம் வேலை செய்து, கடனில் கேமரா வாங்கி, கொடைக்கானலில் ஒரு மாடிப்படிக்குக் கீழே ஸ்டுடியோ போட்டேன். முகூர்த்த மாதங்களில் கல்யாணம், காதுகுத்து, சடங்கு. மற்ற நாட்களில் ரிசார்ட்டுகளுக்கும் ஹோம்ஸ்டேக்களுக்கும் அறைகளைப் படம் எடுத்துக் கொடுப்பேன். அந்த வேலையில் ஓனர்கள் சொல்லும் முதல் விஷயம், ஆள் யாரும் தெரியக்கூடாது என்பது. புல் வெட்டுகிறவர், துணி காயப்போடுகிற அக்கா, விறகு சுமந்து வருகிறவர், எல்லோரையும் ஒதுங்கச் சொல்லிவிட்டு மலையையும் ஜன்னலையும் எடுக்க வேண்டும். ‘கொஞ்சம் தள்ளிக்கோங்க’ என்பதுதான் ஒரு நாளில் நான் அதிகம் சொல்லும் வாக்கியம். கல்யாண வீட்டிலும் அதுதான்.

மணப்பெண்ணும் அவளுடைய அண்ணனும் ஸ்டுடியோவுக்கு வந்தது ஐப்பசி மழையில். கல்யாணம் முடிந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. அண்ணன் மழைக்கோட்டைக் கழற்றிக் கதவில் மாட்டினார். தங்கை பின்னால் நின்றாள். பூம்பாறைக்கும் அந்தப் பக்கம், மேல்மலையில் பூண்டு விவசாயம் செய்கிற குடும்பம். அம்மா தவறி ஐந்து நாள் ஆகிறது என்றார் அண்ணன். பூண்டுக் காட்டில் வேலை செய்துகொண்டிருக்கும்போதே நெஞ்சு வலி. ஜீப்பில் ஏற்றிக் கொண்டுவரும் வழியிலேயே முடிந்துவிட்டது. பதினாறாம் நாள் கருமாதி. அப்பா படத்துக்குப் பக்கத்தில் மாட்ட அம்மாவுக்குப் படம் வேண்டும்.

வீட்டில் இருந்தவை இரண்டுதான். ஒன்று ஆதார் அட்டையில் இருப்பது. இன்னொன்று வாட்ஸ்அப்பில் பத்துப் பேர் கை மாறி வந்தது. பூண்டு வயலில் தலைத்துண்டோடு குனிந்திருக்கிறார், பெரிதாக்கினால் முகம் கட்டம் கட்டமாக உடைந்துபோகிறது. அம்மாவுக்கு போனைத் தூக்கினாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பழக்கமாம்.

“ஆதார் படத்த பெருசு பண்ணி வச்சுப் பாத்தோம் தம்பி. அம்மா எங்க மேல கோவமா இருக்குற மாதிரியே இருக்கு” என்றார் அண்ணன். பிறகு, கல்யாணத்தில் நீங்கள் நாலாயிரம் படம் எடுத்தீர்களே, ஒன்றிலாவது அம்மா இல்லாமலா போவார் என்று கேட்டார். நம்பிக்கையோடுதான் கேட்டார்.

தங்கை அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

“நான் அன்னைக்கே கேட்டேண்ணே. அம்மாவோட ஒண்ணு எடுங்கன்னு. மாப்பிள்ள வீட்டுக் குரூப் முடியட்டும்னு சொன்னீங்க.”

சொன்னேன். எனக்கு நினைவிருந்தது. மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் கன்னிவாடியிலிருந்து இரண்டு வேன்களில் வந்திருந்தார்கள். மூன்று மணிக்கெல்லாம் பனிமூட்டம் இறங்கத் தொடங்கியது. இருட்டுவதற்குள் மலை இறங்க வேண்டும் என்று டிரைவர்கள் ஹாரன் அடித்தார்கள். குரூப் முடிந்தபோது பெண்ணை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

அது மட்டுமென்றால் அவசரம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். காலையிலேயே அத்தை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பெண்ணின் அம்மா மணவறைப் பக்கம் வரமாட்டார், தெரியாமல் கூப்பிட்டு வைத்து வம்பாக்கிவிடாதே என்று சொல்லியிருந்தார். தாலி இல்லாதவர் மணவறையில் நிற்கக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். எங்கள் வீட்டிலும் அதுதான் வழக்கம். நான் படித்தவன். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வரிசைப்படுத்த ஒரு ஆள் குறைந்தது என்றுதான் நினைத்தேன். குடும்பப் படம் எடுக்கும்போது அந்த அம்மா ஓரத்தில் தாம்பூலப் பைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். “அம்மா, கொஞ்சம் தள்ளிக்கோங்க, ஃபிரேம்ல விழுறீங்க” என்றேன். உடனே தள்ளிக்கொண்டார்.

இரண்டு நாள் கொடுங்கள், தேடித் தருகிறேன் என்று அவர்களை அனுப்பினேன். தேட மூன்று நாள் ஆனது.

பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்து, முகூர்த்தம், சாப்பாடு, வரவேற்பு என்று ஒவ்வொரு படமாகப் பார்த்தேன். அம்மா எல்லா இடத்திலும் இருந்தார். ஆனால் எங்கும் முழுதாக இல்லை. தாலி கட்டும் படத்தில், பின்னால் தூணுக்கு அந்தப் பக்கம் ஒரு முழங்கை. பந்தியில் சாம்பார் வாளியோடு முதுகு. பெரியம்மா ஆரத்தித் தட்டு எடுக்கும் படத்தில், அந்தத் தட்டை உள்ளேயிருந்து நீட்டும் ஒரு கை. கையில் வளையல் இல்லை. மகள் மாலையோடு குனிந்து கும்பிடும் ஒரு படத்தில் எல்லோரும் பெரியப்பாவைப் பார்க்கிறார்கள். ஓரத்தில் பாதி முகம், வாயை முந்தானை மூடியிருக்கிறது. சில படங்களில் அவர் விழுந்த ஓரத்தை நானே ஆல்பத்துக்காக வெட்டியிருந்தேன். வெட்டாத மூலப்படத்தைத் திறந்தால் அவர் திரும்ப வருவார், தோளோடு, தலைமுடியோடு, முகம் மட்டும் வேறு பக்கம் பார்த்தபடி.

மூன்றாம் நாள் மத்தியானம், இனி ஆதார் படத்தைத்தான் சரி செய்து தர வேண்டும் என்று முடிவு செய்தேன். கடைசியாக முதல் மெமரி கார்டின் முதல் ஃபோல்டரைத் திறந்தேன். அதில் லைட் பார்ப்பதற்காக எடுக்கும் படங்கள்தான் இருக்கும். கல்யாணத்துக்கு முன்னால் மணவறையில் யாரையாவது நிறுத்தி, லைட் சரியாக விழுகிறதா என்று இரண்டு மூன்று படம் எடுப்போம். வேலை முடிந்ததும் அழித்துவிடுவோம். அன்று அவசரத்தில் கார்டை அப்படியே மொத்தமாகக் காப்பி செய்திருக்கிறேன்.

மூன்று படங்கள். மூன்றிலும் அந்த அம்மா, மணவறையின் நடுவில், பூத்திரைக்கு முன்னால், கேமராவுக்கு நேராக நின்றுகொண்டிருந்தார்.

அப்போதுதான் எனக்கு எல்லாம் திரும்ப வந்தது. காலை ஆறு மணி. கல்யாணம் நடந்த சமுதாயக் கூடத்தில் வேறு யாரும் இல்லை. ஒரு அம்மா தனியாக ஜமுக்காளம் விரித்துக்கொண்டிருந்தார். அவர்தான் பெண்ணின் அம்மா என்று எனக்குத் தெரியாது. வேலைக்கு வந்தவர் என்று நினைத்து, ஒரு நிமிடம் மேலே ஏறி நிற்கச் சொன்னேன். தயங்கினார். வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு ஏறினார். தோளில் மடித்த ஜமுக்காளம் ஒன்று அப்படியே கிடந்தது.

“என்னையவா தம்பி படம் புடிக்கிற? பொண்ணு உள்ள இருக்கு.”

லைட் பார்க்கத்தான் என்றேன். முதல் படம் ஒரே வெள்ளை. இரண்டாவதில் ஃபிளாஷ் வெளிச்சத்தில் கண்ணை மூடிவிட்டார். எவ்வளவு படித்திருக்கிறாய் என்று கேட்டார். காலேஜ் முடித்திருக்கிறேன் என்றேன்.

“காலேஜு முடிச்சிட்டா அடுத்தவுக வீட்டுக் கல்யாணத்துக்கு வெள்ளனே எந்திரிச்சு வாற?”

சொல்லிவிட்டுச் சிரித்தார். மூன்றாவது படம் அது. குளிரில் ஒரு ஃபிளாஷின் பேட்டரி இறங்கி அது எரியவில்லை, படம் இருட்டு. இருட்டுக்குள் அந்தச் சிரிப்பு இருந்தது. கேமராவின் மூலக் கோப்பு கையில் இருந்ததால் வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தூக்க முடிந்தது. நெற்றியில் திருநீறு தெரிந்தது. பிறகு கண்கள். புள்ளி புள்ளியாகத்தான் இருந்தது, ஆனால் ஆள் இருந்தார்.

மறுநாள் அண்ணனும் தங்கையும் வந்தார்கள். கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்து வைத்தேன். அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவள் திரையில் கை வைத்து, பிறகு எடுத்துக்கொண்டாள்.

எப்படி எடுத்தேன் என்று கேட்டார்கள். இருந்ததை இருந்தபடி சொன்னேன், வேலைக்காரர் என்று நினைத்ததையும் சேர்த்து.

அண்ணன்தான் முதலில் தேறினார். ஜமுக்காளத்தை எடுத்துவிட்டுப் பட்டுச்சேலை போட முடியுமா என்றார். பின்னால் இருக்கும் பூத்திரையை மாற்றி நீல வானம் வைக்கவும் கேட்டார். எல்லோரும் கேட்பதுதான், எத்தனையோ பேருக்குச் செய்து கொடுத்திருக்கிறேன். தங்கை வேண்டாம் என்றாள்.

“அத்தை வரும்ல. மணவறையில நிக்கிறத பாத்தா சும்மா இருக்குமா?” என்றார் அண்ணன்.

“அம்மா அங்கன நின்னப்போ அத்தை தூங்கிக்கிட்டு கெடந்துச்சு.”

அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுதுகொண்டேதான் சிரித்தார். கடைசியில் இரண்டு படம் என்று ஆனது. கருமாதிக்கு வைக்க, கழுத்துக்கு மேல் மட்டும், நீலத் திரையோடு, ஃபிரேம் போட்டு ஒன்று. பட்டுச்சேலை வேண்டாம். தங்கைக்கு, வெட்டாமல், ஜமுக்காளத்தோடும் மணவறையோடும் ஒன்று.

அப்போது நான் ஒன்று சொன்னேன். அன்று காலை லைட் பார்த்த பிறகு லைட் ஸ்டாண்டை நான் நகர்த்தவே இல்லை. மூன்று மணி நேரம் கழித்து அவள் கூறைச்சேலையோடு நின்றதும் அதே இடம், அதே லைட். அம்மாவைக் கொஞ்சம் இடது பக்கம் நகர்த்தினால் போதும், இரண்டு பேரும் சேர்ந்து நிற்பதுபோலவே வரும், யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அன்று எடுக்காமல் விட்டதை இன்று எடுத்துத் தந்துவிடலாம் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், எனக்குத்தான் அது வேண்டியிருந்தது.

அவள் யோசித்தாள்.

“வேணாண்ணே. நாங்க சேந்து நிக்கல. நின்ன மாதிரி படம் இருந்தா, பொறவு எம்மக பெருசாகிக் கேட்டா நின்னோம்னுதான் சொல்லணும்.”

நான் மவுஸைக் கீழே வைத்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து அவர்கள் வந்தபோது படங்கள் தயாராக இருந்தன. பெரிய படத்தைப் பழைய செய்தித்தாளில் சுற்றி, மழை படாமல் பிளாஸ்டிக் பை போட்டுக் கொடுத்தேன். அண்ணன் பர்ஸை எடுத்தார். காசு வேண்டாம் என்றேன். அன்று செய்திருக்க வேண்டிய வேலை, என் தப்பு என்றேன்.

“தப்ப நீங்க வச்சுக்கங்கண்ணே” என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை. “படத்துக்குக் காசு வாங்கிக்கங்க. ஓசில வாங்குன படத்துக்கு எப்பிடி மாலை போடுறது?”

எழுதித் தரச் சொன்னாள். பில் புத்தகத்தை எடுத்து எழுதினேன். பெரிய பிரிண்ட், ஃபிரேம், கண்ணாடி சேர்த்து எண்ணூற்று ஐம்பது. ஃபிரேம் இல்லாத சின்ன பிரிண்ட் நூற்று இருபது. அண்ணன் இரண்டு ஐந்நூறு ரூபாய்த் தாள்களை மேஜையில் வைத்தார். முப்பது ரூபாய் மீதியைக் கொடுத்தேன். அதை வாங்கி எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார்கள். நான்கு வருடத்துக்கு முன்னால், வெளிச்சம் இருந்தபோது, ஒரு நிமிடத்தில் எடுத்து ஆல்பத்தோடு சேர்த்துக் கொடுத்திருக்க வேண்டிய முகத்துக்கு அவர்கள் கொடுத்தது தொள்ளாயிரத்து எழுபது ரூபாய்.