ஐந்தாவது பெயர்

இன்று காலை கைபேசியில் ஒரு மரண அறிவித்தல் வந்தது. உங்களுக்கும் இப்படி நிறைய வரும். இறந்தவரின் படத்தைச் சுற்றி ரோசாப்பூ, குத்துவிளக்கு, சூரிய உதயம், போதாததற்கு இரண்டு புறா. எழுத்து நாலு நிறத்தில். எதை முதலில் படிப்பது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. இறந்தவர் யாரென்றே எனக்குத் தெரியாது. ஆனாலும் கோபம் வந்தது. செய்தவனைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்க வேண்டும்போல் இருந்தது.

கோபம் பழையது. கிளறினால் கோதுமைமாப் பசையின் புளித்த மணம் வரும். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் சின்ன அச்சகம். நான் அப்போது அங்கே கம்ப்யூட்டரில் டிசைன் செய்பவன். மரண அறிவித்தலை அச்சடித்த சூட்டோடு சுவர்களில் ஒட்டுவார்கள். பசை வாளி என் கதிரைக்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

கொள்ளுப்பிட்டியில் ஆறு மாதக் கோர்ஸ் படித்த திமிர் எனக்கு. பக்கத்தின் பாரம் சமநிலையில் இருக்க வேண்டும், முக்கியமானது முதலில் கண்ணில் பட வேண்டும், சுற்றிவர வெற்றிடம் விட வேண்டும். சாப்பாட்டுத் தட்டில்கூடப் பருப்பையும் சம்பலையும் அளவு பார்த்து வைத்த மடையன் நான்.

ஒருநாள் இரண்டு சகோதரர்கள் தாயின் படத்தோடு வந்தார்கள். பிள்ளைகள் ஐந்து பேர். மூத்தவர் தந்த தாளில் நாலு பெயர்தான் இருந்தது.

"கடைசி ராஜினியின்ர பேர் போடத் தேவையில்லை. அவ கொட்டாஞ்சேனையில ஒரு வேதக்காரனைக் கட்டிக்கொண்டு போனவ" என்றார். வேதக்காரன் என்றால் கிறிஸ்தவன்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். கெட்டிக்காரத்தனம் விடவில்லை.

"நாலெண்டால் நல்லது அண்ணே. இந்தப் பக்கம் ரெண்டு, அந்தப் பக்கம் ரெண்டு. அஞ்சு வந்தால் ஒண்டு தனியத் தொங்கும், பலன்ஸ் வராது."

மூத்தவர் முதல்முறையாகச் சிரித்தார்.

மறுநாள் காலை ஒரு பெண் கடைக்குள் வந்தார். கையில் சுவரிலிருந்து உரித்த ஈரத் தாள்.

"அண்ணாவைக் கேட்டனான். அஞ்சு பேர் வடிவில்லை எண்டு டிசைன் செய்யிற பெடியன்தான் சொன்னவனாம். நீர்தானே அது?"

நான் அசடு வழிந்திருக்க வேண்டும். அதற்குப் பதில் அவருக்குச் சமநிலை பற்றி விளக்கம் சொன்னேன். அவர் கடைசிவரை கேட்டார்.

"மாசம் மாசம் கொட்டாஞ்சேனையில இருந்து வந்து அம்மாவைக் களுபோவில கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனது நான். அவ நடக்கேக்கை சரிஞ்சு விழுவா. நான்தான் தாங்கிப் பிடிப்பன். அது எந்தப் பக்கம் தம்பி, இடமோ வலமோ? உம்மட படிப்பில அதுக்கு என்ன பேர்?"

"ஓடர் தந்தவர் உங்கட அண்ணா. அவரோடை கதையுங்கோ" என்றேன்.

ராஜினி என் மேசையிலிருந்த பச்சை மார்க்கரை எடுத்துக்கொண்டு வெளியே போனார். ஒழுங்கைச் சுவரில் ஒட்டியிருந்த ஒவ்வோர் அறிவித்தலிலும், நான் பார்த்துப் பார்த்து விட்டிருந்த வெற்றிடத்தில், தன் பெயரைக் கொட்டை எழுத்தில் சாய்த்து எழுதினார். வாசலில் நின்று பார்த்தேன். நான் படித்த பாடத்தின்படியே முதலில் கண்ணில் பட்டது அவர் பெயர்தான். எனக்கு இரக்கம் வரவில்லை. என் டிசைனைக் கெடுத்துவிட்டாரே என்று பற்றி எரிந்தது.

அரை மணித்தியாலத்தில் மூத்தவர் வந்து கத்தினார். "புதுசா அடியும். அவள் எழுதினதுக்கு மேலேயே ஒட்டச் சொல்லும்!"

அடித்தேன். சந்தோஷமாகவே அடித்தேன்.

தாள் மலிவுத் தாள். அடுத்த கிழமை மழை பெய்தபோது, நனைந்த மேல்தாளுக்குள்ளால் பச்சையாக ராஜினி என்று தெரிந்தது. வெயில் வந்தால் மறையும்; மழைக்குத் திரும்பவும் வரும். வேலைக்குப் போகிற வழி அதுதான், வேறு வழியில்லை. ஐந்தாறு நாள் குனிந்துகொண்டு போனேன்.

முப்பத்தோராம் நாள் கிரியை அழைப்புக்கு மூத்தவர் மீண்டும் நாலு பெயரோடு தாள் கொடுத்துவிட்டுப் போனார். நான் படத்தை வலப்பக்கம் வைத்து, ஐந்து பெயரை இடப்பக்கம் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினேன். பக்கம் நிமிர்ந்து நின்றது. சமநிலைக்கு இரண்டு பக்கமும் ஒரேமாதிரி இருக்கத் தேவையில்லை என்பது கோர்சில் முதல் கிழமைப் பாடம். முதல்நாளே இரண்டு நிமிடத்தில் செய்திருக்கலாம். எனக்குத் தெரியாமல் இல்லை. அன்று அந்தச் சகோதரர்கள் பக்கம் நிற்பது சுகமாக இருந்தது, அவ்வளவுதான்.

மூத்தவர் அதைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "செத்தது உம்மட அம்மாவோ?" தாளை நாலாகக் கிழித்து என் கீபோர்ட் மேல் போட்டுவிட்டு வேறு அச்சகத்துக்குப் போனார்.

முதலாளி கத்தவில்லை. "மகன், கஸ்டமர் சொல்றத்த அடிக்கிறதுதான் ஒங்கட வேல. நாளைக்கி வராதீங்க" என்றார்.

பிறகு பல கந்தோர்களில் வேலை செய்துவிட்டேன். அச்சகம் இருந்த இடத்தில் இப்போது எட்டு மாடி ஃபிளாட். ஒழுங்கைச் சுவர்களை இடித்து இரும்பு வேலி போட்டிருக்கிறார்கள். ஒட்டுவதற்கு இடமும் இல்லை, ஒட்டுகிறவர்களும் இல்லை. ராஜினியின் அண்ணன்மார் கனடாவில் என்று கேள்வி.

போன வருடம் ஒருவழியாகத் துணிந்து, விசாரித்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனேன். வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தார்.

"ராஜினி அக்காவா? அவங்க வீட்ட வித்துட்டு மகன்கிட்ட மெல்பனுக்குப் போய்ட்டாங்க. கோல் எடுத்தா சொல்றேன். யாரு வந்ததுன்னு சொல்லணும்?"

வாயைத் திறந்தேன். என் பெயர் வரவில்லை. "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு பஸ்சுக்கு நடந்தேன்.