மலையின் இரண்டு பச்சை

அந்த விளம்பரத்தை அச்சுக்கு அனுப்பியவன் நானே. மொத்தம் ஐந்து வரி. பெங்களூர், மைசூர், கோயமுத்தூர், சென்னை என்று கடை வைத்திருந்த கம்பெனி ஒன்று, அந்த மாதக் கடைசியோடு எல்லாக் கிளைகளையும் மூடிவிடுவதாகவும், இத்தனை வருஷம் வாடிக்கையாளர்கள் காட்டிய ஆதரவுக்கு நன்றி சொல்வதாகவும் அதில் இருந்தது. ஆங்கிலத்தில் ஒன்று, கன்னடத்தில் ஒன்று. நான் எங்கள் பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்த காலம். இரண்டையும் படித்து, தேதி சரியா என்று பார்த்து, கீழே அனுப்பிவிட்டு வேறு வேலைக்குப் போனேன். அது என் வீட்டைப் பற்றிய செய்தி என்று எனக்குத் தோன்றவில்லை.

மைசூரில், மண்டி மொஹல்லாவிலிருந்து பெரிய வீதிக்கு வரும் திருப்பத்தில் அந்தக் கம்பெனியின் கடை இருந்தது. பொழுதுபோக்குக்காகக் கையால் எதையாவது செய்கிறவர்களுக்கு வேண்டியதெல்லாம் அங்கே கிடைக்கும். வாசலில் நுழைந்ததும் வலப்புறம் ஆண்கள் பக்கம். தபால்தலை ஆல்பம், மரப்பலகையில் சித்திரம் அறுக்கும் மெல்லிய ரம்பம், போட்டோ கழுவும் மருந்து. இடப்புறம் ஒரு திரை. திரைக்குப் பின்னால் பெண்கள் பக்கம். அங்கே கம்பளி நூல், பட்டு நூல், கண்ணாடி மணி, தையலுக்கான கான்வாஸ் துணி. கவுண்டரில் ஒரு கிறிஸ்தவ அம்மாள் நின்றாள். கோலார் தங்கவயல் பக்கத்தவள், தமிழ் பேசுவாள். அவள் இருந்ததால்தான் எங்கள் தெருப் பெண்கள் அந்தக் கடைக்குப் போக அனுமதி கிடைத்தது.

பெண்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு பெரிய படம் தைக்க ஆரம்பிப்பவள் அதற்கு வேண்டிய நூல் முழுவதையும் முதலிலேயே விலை கொடுத்து வாங்கிவிடுவாள். காரணம் சாயம். ஒரே பச்சை என்று பெயர் இருந்தாலும், இந்தத் தொட்டியில் தோய்த்ததும் அடுத்த தொட்டியில் தோய்த்ததும் ஒன்றாக இருக்காது. நூல்கண்டின் சீட்டில் தொட்டி எண் போட்டிருக்கும். ஒரு தொட்டி தீர்ந்தால் தீர்ந்ததுதான். ஆனால் வாங்கியதை வீட்டுக்குக் கொண்டுபோகமாட்டார்கள். பத்துப் பதினைந்து பேர் இருக்கும் வீட்டில் ஒரு பெட்டி நிறையக் கம்பளி நூல் இருந்தால் அது எல்லோருடைய நூலும் ஆகிவிடும். எனவே கடையிலேயே ஒரு அட்டைப் பெட்டியில் வைத்து, அலமாரியில் நாப்தலின் உருண்டையோடு அடுக்கிவிடுவார்கள். வேண்டும்போது இரண்டு கண்டு, மூன்று கண்டு எடுத்துவருவார்கள்.

பெட்டியின் மேல் பெயர் எழுதுவது இல்லை. எண் மட்டும். குடும்பப் பெண்ணின் பெயர் கடை அலமாரியில் எழுதியிருப்பது மரியாதை இல்லை என்று நாங்கள் எல்லோரும், நானும் சேர்ந்துதான், நினைத்தோம். கவுண்டர் அம்மாள் என் மனைவியை "நாற்பத்தேழாம் நம்பர் அம்மா" என்றுதான் கூப்பிடுவாள். அதைச் சொல்லி நாங்கள் வீட்டில் சிரித்திருக்கிறோம்.

நாற்பத்தேழாம் பெட்டியில் இருந்தது மலை. மற்றவர்கள் கடையில் அச்சடித்து வரும் வெள்ளைக்கார வீடும் மானும் நாய்க்குட்டியும் தைத்தார்கள். என் மனைவி, எங்கள் கொல்லைப்புறத்திலிருந்து தெரியும் சாமுண்டி மலையைத் தானே கட்டம் போட்டு வரைந்துகொண்டாள். மழை நின்ற மறுநாள் காலையில் அது இருக்கும் பச்சை. அதற்காகக் கவுண்டர் அம்மாளை மூன்று மாதம் காக்கவைத்து, ஒவ்வொரு பார்சல் வரும்போதும் போய்ப் பார்த்து, கடைசியில் ஒரு பச்சையை ஒப்புக்கொண்டாள். இரண்டரை வருஷமாகத் தைத்துக்கொண்டிருந்தாள். சமையலும் சாப்பாடும் முடிந்து, மறுபடி காபிக்கு அடுப்பு மூட்டுகிற வரை கிடைக்கும் ஒன்றரை மணி நேரத்தில். அந்த வருஷம் தசரா பொருட்காட்சியில் பெண்கள் பகுதிக்கு அதை அனுப்புவதாக இருந்தாள். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அவள் தனக்கென்று என்னிடம் கேட்ட ஒரே காரியம், அந்தப் பொருட்காட்சி விண்ணப்பத்தில் கையெழுத்து.

விளம்பரத்தை அவள் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டு அம்மாள் சொல்லித்தான் தெரிந்தது. மறுநாளே கடைக்குப் போனாள். வெறுங்கையோடு திரும்பிவந்து, அரிசி களைந்துகொண்டே, "பெட்டியெல்லாம் பிரிச்சுட்டாங்க" என்றாள். எனக்குப் புரியவில்லை. "பிரிச்சுட்டாங்கன்னா?" என்றேன். "வந்து பாருங்க" என்றாள்.

அவளோடு போய்ப் பார்த்தேன். திரையைக் கழற்றியிருந்தார்கள். அலமாரி காலி. தரையில் விரித்த ஜமக்காளத்தின் மேல் கம்பளி நூல் குவியல் குவியலாகக் கிடந்தது. சிவப்பு ஒரு குவியல், நீலம் ஒன்று, பச்சை ஒன்று, மற்றதெல்லாம் ஒன்று. கட்டோடு வாங்குகிற வியாபாரி எடை போட வசதியாக, கண்டுகளின் சீட்டுகளைக் கிழித்து எடுத்திருந்தார்கள். தொட்டி எண் தெரிய இனி வழியில்லை. கவுண்டர் அம்மாள் ஒரு ஓரமாக நின்றிருந்தாள். அவள் முகத்தை நான் அதிக நேரம் பார்க்கவில்லை.

தலைமை ஆபீசிலிருந்து வந்திருந்தவர் சென்னைக்காரர். நல்ல மனிதர் போலத்தான் பேசினார். நாற்காலி போட்டார். தராசை என் பக்கம் திருப்பிவைத்தார்.

"அம்மாவுடையது பதினாலு அவுன்ஸ் பச்சை. கவுண்டர்லேயும் அப்படித்தான் சொல்றாங்க. நான் பதினாலரையாவே தர்றேன் சார், எடுத்துக்குங்க."

இது அந்தப் பச்சை இல்லையே என்றேன்.

"பச்சைதானே சார்?"

என் மனைவி பேசமாட்டாள் என்று நினைத்தேன். பேசினாள். "மலைக்குப் பாதி வரைக்கும் தைச்சாச்சு. மேல் பாதி ஒரு பச்சையும் கீழ் பாதி ஒரு பச்சையுமா மலை இருக்குமா?" என்று கேட்டாள். அவர் என்னைப் பார்த்து, அவளுக்குப் பதில் சொன்னார். "மூடுற கடையிலே இவ்வளவு பண்றதே பெரிசு. பெட்டியிலே பேர் இல்லை. பேர் இல்லாத சரக்கு கம்பெனி சரக்கு. சட்டப்படி நாங்க ஒண்ணுமே தரவேண்டியதில்லை."

தபால்தலை சேகரிக்கும் வாடிக்கையாளர்கள் விஷயம் என்ன ஆயிற்று என்று விசாரித்தேன். பத்திரிகைக்காரன் வழக்கம். அவர்களுக்கு ஒரு மாதம் முன்பே தனித்தனியாகக் கடிதம் போயிருக்கிறது. ஒதுக்கி வைத்த தபால்தலைகளை உறையிலிட்டு, வீடு தேடி ஆள் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறான். ஓய்வுபெற்ற ஜட்ஜ் ஒருவருக்கு அவர் கேட்காத ஆல்பம் ஒன்றும் சேர்த்து. ஏன் என்றால், அவர்கள் உறைமேல் பெயர் இருந்தது. நாங்கள் கௌரவம் என்று நினைத்து எங்கள் வீட்டுப் பெண்களின் பெயரை மறைத்தோம். கம்பெனி அந்தக் கௌரவத்தையே சாக்காக வைத்துக்கொண்டது. இதில் யாரை முதலில் கோபித்துக்கொள்வது என்று எனக்கு இன்றுவரை தீர்மானமாகவில்லை. ஆனால் கோபம் குறையவும் இல்லை.

பதினாலரை அவுன்ஸ் பச்சையை ஒரு காகிதப் பையில் போட்டுக் கொடுத்தார்கள். எடை சரியாக இருந்தது.

இதை ஒரு பத்தியாக எழுதி ஆசிரியரிடம் கொண்டுபோனேன். அவர் முழுவதும் படித்தார். பிறகு, யாராவது ஏமாற்றப்பட்டார்களா என்று கேட்டார். எடைக்கு எடை கொடுத்துவிட்டார்கள் என்று ஒப்புக்கொண்டேன். அப்படியானால் செய்தி என்ன என்றார். சொன்னேன். கம்பளி நூலுக்கு ஒரு பத்தியா என்று சிரித்துவிட்டு, அன்றைய கரும்பு விலையை என் பக்கம் தள்ளினார். நான் வற்புறுத்தவில்லை. அந்தச் சமயத்தில் என் வேலைதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. இதையும் எழுதாமல் விட்டால் இந்தக் கதையை நான் சொல்வதில் அர்த்தமில்லை.

பொருட்காட்சிக்கு ஏழு வாரம் இருந்தது. புதுப் பச்சை கொஞ்சம் மஞ்சள் பாய்ந்தது. கடைக்குள் பார்த்தபோது வித்தியாசம் அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை. தைத்த இடத்துக்குப் பக்கத்தில், கொல்லை வெளிச்சத்தில் வைத்தால் கண்ணை உறுத்தியது. பழையதைப் பிரித்துவிட்டு, மலை முழுவதையும் புதுப் பச்சையிலேயே தைத்தால் ஒரே நிறமாக இருக்கும், அவள் எப்போதும் தாராளமாக வாங்கி வைக்கிறவள், நூலும் ஏறக்குறையப் போதும் என்று நான் கணக்குப் போட்டுச் சொன்னேன். உதவி செய்வதாக நினைத்து.

"அவங்க பண்ணினதுக்கு நான் எதுக்குப் பிரிக்கணும்?" என்றாள்.

பிரிக்கவில்லை. ஒன்றரை மணி நேரம் மூன்று மணி நேரம் ஆயிற்று. இரண்டு வாரம் சமையலை என் அம்மா பார்த்துக்கொண்டாள். முணுமுணுத்துக்கொண்டே பார்த்துக்கொண்டாள். மலை முடிந்தது. உச்சிக் கோயிலுக்கும் அடிவாரத்துக்கும் நடுவில், அளவுகோல் வைத்துக் கிழித்ததுபோல் ஒரு கோடு. அதற்கு மேலே மழை நின்ற காலை. அதற்குக் கீழே வேறு ஏதோ ஊரின் மலை.

பொருட்காட்சியில் பெண்கள் பகுதி ஒரு நீண்ட ஷெட். நாங்கள் போன அன்று பரிசெல்லாம் முடிவாகியிருந்தது. ஒவ்வொரு படத்தின் கீழும் நடுவர்கள் குறிப்பு எழுதிய அட்டை குத்தியிருந்தது. என் மனைவியின் அட்டையில், "வடிவம் நன்று. நிறப் பொருத்தத்தில் கவனம் போதாது" என்று இருந்தது. அவள் அதை இரண்டு முறை படித்தாள். பிறகு என்னை விட்டுவிட்டு, வரிசையில் இருந்த மற்றப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனாள்.

நானும் பார்த்தேன். பார்க்கப் பார்க்கத் தெரிந்தது. வெள்ளைக்கார வீட்டின் கூரை பாதியில் நிறம் மாறியிருந்தது. ஒரு யானையின் அம்பாரி விரிப்பில் இரண்டு சிவப்பு. ஒரு மானுக்கு உடம்பு ஒரு நிறம், பின்னங்கால் ஒரு நிறம். அட்டைகளில் அதே வாக்கியம், ஒரே கையெழுத்தில். நடுவர்களில் ஒருவருக்காவது, இத்தனை பெண்களுக்கு ஒரே வருஷத்தில் எப்படிக் கவனம் போயிற்று என்று கேட்கத் தோன்றவில்லை.

ஷெட்டின் கோடியில், ஒரு கிளிப் படத்தின் முன்னால் என் மனைவி நின்றுவிட்டாள். கிளியின் கழுத்து ஒரு பச்சை. இறக்கையும் வாலும் வேறு பச்சை.

"இது என்னுடையது" என்றாள்.

படத்தை என்று நினைத்தேன். வால் பச்சையைச் சொன்னாள்.

படத்துக்குச் சொந்தக்காரி பக்கத்திலேயே நின்றிருந்தாள். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்ப்பவரின் மனைவி, ஈரோட்டுப் பக்கம். சண்டைக்கு வருகிறார்களோ என்று முதலில் பயந்துவிட்டாள். என் மனைவி அவளைக் கைபிடித்து எங்கள் மலைக்கு முன்னால் கூட்டிவந்து மேல் பாதியைக் காட்டினாள். அவள் பார்த்தாள். ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"நான் நூத்திப் பன்னெண்டுங்க. நீங்க?"

"நாற்பத்தேழு."

"அப்ப என் கழுத்துப் பச்சை யாருகிட்டங்க இருக்கு?"

அது யாருக்குத் தெரியும்? குவியலிலிருந்து கைக்கு வந்ததை எடுத்துத் தராசில் போட்டார்கள். எங்கள் வீட்டுக்கும் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கும் குதிரை வண்டியில் கால் மணி நேரம். ஒருவரை ஒருவர் தெரிந்திருந்தால், ஒரு சாயங்காலத்தில் நூலை மாற்றிக்கொண்டிருக்கலாம். சீட்டைக் கிழிப்பதற்கு முன்னால் கம்பெனி ஒரு வாரம் பொறுத்திருந்தால், மாற்றவே வேண்டியிருக்காது. இதற்கு ஒரு காசு செலவில்லை.

கிளிப் படம் அவள் தம்பி கல்யாணத்துக்கு. பொருட்காட்சி முடிந்ததும் ஈரோட்டுக்குப் போகிறது. அவளிடம் மிச்சம் இருந்த பச்சையை, மலை ஷெட்டிலிருந்து திரும்பிவந்த மறுநாளே எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். இரண்டு கண்டு கூட இல்லை. என் மனைவி அதை மலைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். கோட்டுக்குக் கீழே இரண்டு விரற்கடை வரைக்கும் வரும். அதற்குமேல் வராது. கோடு கொஞ்சம் கீழே இறங்கும், அவ்வளவுதான். நூலை எடுத்து உள்ளே வைத்தாள். என்னைக் கூப்பிட்டு, விளம்பரம் போட எவ்வளவு ஆகும் என்று கேட்டாள்.

வாசகத்தை நான்தான் எழுதினேன். மூடப்பட்ட கடையில் நூல் ஒதுக்கி வைத்திருந்தவர்கள், தங்களிடம் இருக்கும் நூலோடு வந்து ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளலாம், நாற்பத்தேழாம் நம்பர், மேற்பார்வை இன்னார் என்று என் பெயரும் விலாசமும். அவள் படித்துவிட்டு, என் பேனாவை வாங்கி, நம்பரை அடித்தாள். என் பெயரையும் அடித்தாள். அங்கே தன் பெயரை எழுதினாள். நம்பரைப் பார்த்து யாரும் வரமாட்டார்கள் என்று மட்டும் சொன்னாள். பதினைந்து வருஷம் பத்திரிகையில் இருந்தும், எங்கள் தெருப் பெண் ஒருத்தியின் பெயர் அச்சில் ஏறி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஆசிரியர் தடுக்கவில்லை. அது விளம்பரம், செய்தியல்ல.

முதல் வாரம் நான்கு பேர் வந்தார்கள். இரண்டாம் வாரம் கூடம் போதவில்லை. மடிசார் கட்டினவர்கள், கவுன் போட்ட ஆசிரியை ஒருத்தி, நஞ்சன்கூட்டிலிருந்து மகனைத் துணைக்கு அழைத்துவந்த ஒரு லிங்காயத் அம்மாள். விளக்கு வெளிச்சத்தில் நிறம் தெரியாது என்று எல்லோரும் கொல்லையில் உட்கார்ந்தார்கள். ஒவ்வொருத்தியும் முதலில் தன் பெயரைச் சொன்னாள், பிறகு பெட்டி நம்பரை. என் மனைவி இரண்டையும் ஒரு நோட்டில் எழுதினாள். சிலருக்கு முழுவதும் கிடைத்தது. பலருக்குக் கொஞ்சம். கவுண்டர் அம்மாளும் ஒருநாள் வந்தாள். இந்த நீலம் யாருடையது, அந்தக் கருஞ்சிவப்பு யாருடையது என்று சீட்டில்லாமலே சொன்னாள். அவளைக் கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பாள்.

மூன்றாம் வாரம் கம்பெனியிலிருந்து எனக்குக் கடிதம் வந்தது. இரண்டு பக்கம், டைப் அடித்தது. இந்த விளம்பரம் கம்பெனியின் நற்பெயருக்குக் கேடு, உடனே நிறுத்தவேண்டும் என்று. எந்த நூல் யாருடையது என்று ஒரு பட்டியல் போட நேரமில்லாதவர்களுக்கு இரண்டு பக்கம் எழுத நேரம் இருந்தது. படித்துக் காட்டினேன்.

மலை அப்படியேதான் இருந்தது, இன்றும் இருக்கிறது. அதன் பச்சை ஈரோட்டில் ஒரு கல்யாண வீட்டுச் சுவரில் இருக்கிறது. என் மனைவி கடிதத்தை வாங்கிப் பார்க்கவும் இல்லை. நோட்டைத் திருப்பி, இன்னும் வராத நம்பர்களை எண்ணிப் பார்த்தாள்.

"இன்னும் இரண்டு வாரம் போடுங்க" என்றாள்.

போட்டேன்.