அந்தோணி அண்ணனின் கெலித் தொட்டியும் நின்றுபோன காற்று மோட்டாரும்

வீட்டுக்குப் பின்னால் கெலி, அதாவது கெளுத்தி மீன், வளர்க்கப் போகிறேன் என்றதும் என் மனைவி சிரித்தாள். பூச்செடிக்கே தண்ணீர் ஊற்ற மறக்கிற ஆளுக்கு மீன் வேறு கேட்கிறதா என்றாள். நியாயமான கேள்விதான். ஆனால் கோலா சாவா பக்கம் தோட்டத்தில் தொட்டி வைத்துக் கெலி வளர்த்த அந்தோணி அண்ணன், என் பழைய சக ஊழியர், “நேர்ல வந்து பாருப்பா” என்று பலமுறை கூப்பிட்டிருந்தார். நான் நாளைக் கடத்தினேன். அவர் மாரடைப்பில் போய்விட்டார். நான் வெளியூரில் இருந்ததால் சாவுக்கும் போக முடியவில்லை. இரண்டு மாதம் கழித்துத் துக்கம் விசாரிக்கத்தான் ஒரு சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கிள்ளானிலிருந்து கிளம்பினேன்.

சிரம்பானில் பரோட்டா மாதிரியான ரொட்டி சானாயும், நுரைக்க ஆற்றிய பால் தேநீரான தே தாரிக்கும் ஐந்து வெள்ளி. அங்கிருந்து ரந்தாவ் சாலையில் சுமார் பதினைந்து கிலோமீட்டர், இரு பக்கமும் செம்பனை. தோட்டத்துக்குள் போவது மண் பாதை. மழை பெய்திருந்தால் சின்னக் காரை நம்பாதீர்கள். என் கார் இரண்டு இடத்தில் அடி வாங்கியது.

அண்ணனின் மனைவி பிலோமினா அக்கா வாசலிலேயே அழுதுவிட்டார். எனக்கும் தாங்கவில்லை. பிறகு அவரே தொட்டிகளைக் காட்ட அழைத்துப் போனார். தார்ப்பாய் போட்ட மூன்று வட்டத் தொட்டிகள். இரண்டு காய்ந்து கிடந்தன. மூன்றாவதில் மோட்டார் ஊதிய காற்றில் தண்ணீர் தே தாரிக் நிறத்தில் நுரைத்துக்கொண்டிருந்தது.

“அழுக்குன்னு நெனைக்காதீங்க தம்பி. மரவள்ளி மாவும் கரும்புப் பாகும் கரைச்சு ஊத்துறோம்லா. அதைத் தின்னு கிருமி பெருகும், மீனோட கழிவையும் அதுவே தின்னுடும். கிருமி கட்டி கட்டியா மெதக்கும், அதை மீன் திங்கும். காத்து மட்டும் நிக்கவே கூடாது.”

கெலி மேலே வந்து காற்றைக் குடித்துப் பிழைக்கிற மீன்தானே என்று என் இணையப் படிப்பை எடுத்துவிட்டேன். இவ்வளவு நெருக்கமாக வளர்க்கும்போது அது போதாதாம். காற்று நின்றால் மிதப்பதெல்லாம் அடியில் படிந்து அழுகும்; தண்ணீரே நஞ்சாகிவிடும்.

அப்படித்தான் ஆகியிருக்கிறது. இந்தப் பக்கம் சாவு வீடென்றால் வானொலி, தொலைக்காட்சி எல்லாவற்றையும் அணைத்துவிடுவார்கள். அண்ணன் இறந்த அன்று மாலை ஜெபத்தின்போது பாதிரியாரின் குரல் மோட்டார் இரைச்சலில் கேட்கவில்லை. அண்ணனின் தம்பி சேவியர்தான் எழுந்து போய் அணைத்தார். மறுநாள் அடக்கம் முடிந்து வரும்வரை யாருக்கும் நினைவில்லை. மூன்றாவது தொட்டியின் மோட்டார் குளியலறைக்குப் பின்னால் தனியாக இருந்ததால் தப்பியது.

“அவரைப் பொதைச்சிட்டு வந்து அவர் வளத்த மீனையும் பொதைச்சோம்” என்றார் அக்கா. “அன்னைலேர்ந்து சேவியர் இந்த வாசப்படி மிதிக்கல. போனும் எடுக்கறதில்ல. இங்க பெரிய மீனு சின்ன மீனைப் புடிச்சித் திங்குது, வலை இழுத்துப் பிரிக்க ரெண்டாள் வேணும். இந்தத் தொட்டியும் போச்சின்னா அவரு கை வச்சது எதுவும் இல்ல தம்பி.”

கிளம்பும்போது இரண்டு மீனைச் சுத்தம் செய்து, பையில் கட்டிக் கொடுத்தார். “இதைச் சேவியர்ட்ட குடுங்க. அவன் சி ரூசாவுல காவல் வேலை பாக்குறான். கோவம் இல்லேன்னு சொல்லுங்க.”

கோலா சாவாவிலிருந்து சி ரூசா முக்கால் மணி நேரம். கடற்கரைச் சாலையில் சனிக்கிழமை நெரிசல் உண்டு, அதையும் கணக்கில் வையுங்கள். ஒரு தங்கும் விடுதியின் வாசலில் சேவியர் சீருடையில் உட்கார்ந்திருந்தார். சேதியைச் சொன்னேன். நீட்டிய மீன் பையை வாங்கவில்லை.

“ஜெபம் முடிஞ்சதும் போட்டுடலாம்னுதான் அணைச்சேண்ணே. திரும்பி வந்து அண்ணன் காலைப் புடிச்சிட்டு உக்காந்தேன். எந்திரிக்கவே முடியல.”

இந்த வலைப்பதிவுக்காக மூன்றாவது தொட்டியை எடுத்த காணொளியைக் காட்டினேன். மீனைப் பார்க்காமல் கைப்பேசியைக் காதில் வைத்து மோட்டார் சத்தத்தை மட்டும் கேட்டார். இன்னொரு முறை போடச் சொன்னார். பிறகு, “எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போவேன்?” என்று பையை என் பக்கமே தள்ளிவிட்டு வாயிற்கதவைத் திறக்கப் போனார். ஒரு கார் வந்திருந்தது.

வீட்டில் அந்த மீனைச் சமைத்தோம். எனக்கு இறங்கவில்லை. வரும் சனிக்கிழமை வலை இழுக்க நான் போகிறேன், தெரியாத வேலைதான். கடற்கரைப் பக்கமாகச் சுற்றிப் போய், சி ரூசாவில் நிறுத்தி, வலை இழுக்க வருகிறீர்களா என்று சேவியரைக் கேட்பேன்.

தொட்டி வைக்க நினைப்பவர்களுக்கு: மாவையும் பாகையும் சிறிது சிறிதாகவே ஊற்றுங்கள். மின்சாரம் போனால் ஓடுவதற்குப் பேட்டரியில் இயங்கும் இன்னொரு மோட்டார் வைத்திருங்கள். வீட்டில் சாவு விழுந்தால், மோட்டார் பக்கத்தில் ஒருவரை உட்கார வையுங்கள். அழுவதென்றால் அவர் அங்கேயே உட்கார்ந்து அழட்டும்.