ஹைட்ரஜனுக்கு ஆசி கொடுத்தவர்

என் அக்கா அக்மரலைக் கட்டிய சர்சென் மச்சானைப் போல ஒரு பிடிவாதக்காரரை, கஜகஸ்தானில் எங்கள் மங்கிஸ்தாவ் வட்டாரம் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. முப்பத்தோரு வருஷமாகத் தண்ணி லாரி ஓட்டுகிறார். அக்தாவ் நகரத்தில் கடல்தண்ணியில் உப்பை நீக்கிக் கொடுக்கிற இடத்தில் நிரப்பிக்கொண்டு, வாரத்துக்கு இரண்டு நடை எங்கள் ஊருக்கு வருவார். ஊருக்கு ஊற்றுகிற தண்ணிக்குக் கொஞ்சமும் குறையாமல் அந்த லாரி டீசல் குடிக்கிறது என்று நான் சொல்வேன். அவருக்குக் கோபம் வரும். மறுபடி சொல்வேன். அக்கா புருஷனைச் சீண்டாவிட்டால் நான் என்ன மச்சினன்?

ஊர்த் தண்ணி லாரியில் வரும், அவருடைய இருபத்துமூன்று ஒட்டகங்களுக்கு மட்டும் அந்தக் கவலை கிடையாது. ஊருக்கு வெளியே, மேய்ச்சல் வெளியில் அவர் கிணறு இருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் உப்புக் கரிக்காத ஒரே கிணறு அதுதான். லாரி உத்தியோகம் போனாலும் பிழைத்துக்கொள்வார், அந்தக் கிணறு போனால் ஒட்டகம் போச்சு, ஒட்டகம் போனால் மனுஷன் போச்சு.

அந்த வெளியில்தான் காற்றாலை நடப்போகிறோம் என்று ஒரு கம்பெனி வந்தது. காஸ்பியன் கடல்தண்ணியை எடுத்து, காற்றில் வருகிற கரண்டை வைத்து ஹைட்ரஜனாகப் பிரித்து, கப்பலில் ஜெர்மனிக்கு அனுப்புவார்களாம். எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் பதில் இனி அதுதானாம். ஊரில் பாதிப் பேர் எண்ணெய்க் கிணறுகளில் வேலை பார்க்கிறவர்கள். கேலி பண்ணாமல் விடுவார்களா?

"எரிச்சா புகையே வராதாம், தண்ணிதான் வருமாம்" என்றேன் நான்.

மச்சான் யோசித்தார். "இங்க தண்ணியப் பிரிச்சு வாயு எடுக்கறான். அங்க எரிச்சா அது திரும்பத் தண்ணியாவுது. ஏன்டா மாப்ளே, ஜெர்மனிக்குத் தண்ணி அனுப்பறதுக்கா இவ்ளோ சுத்து வழி? லாரியக் குடுத்தா நானே கொண்டுபோய் ஊத்திட்டு வந்துருவேன்ல?"

ஊரே சிரித்தது. ஆனால் வரைபடத்தில் அவர் கிணறு கம்பெனிக் கோட்டுக்குள் இருந்ததைப் பார்த்த அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை.

ஊர்மக்கள் கருத்தைக் கேட்க ஒரு கூட்டம் போட்டார்கள். மச்சான் மூன்று ஆட்சேபணைகளைத் தாளில் எழுதி, அக்காவிடம் நாலு தரம் ஒப்பித்துவிட்டு வந்தார். ஒன்று, என் கிணறு. இரண்டு, கடலே வருஷா வருஷம் பின்னால் போய்க்கொண்டிருக்கிறது, அதிலும் கை வைக்காதே. மூன்று, மறுபடியும் என் கிணறு.

கம்பெனிக்காரர்கள் புத்திசாலிகளோ அப்பாவிகளோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. முதலில் ஜெர்மன்காரர் படம் போட்டு விளக்கினார். பிறகு சாப்பாடு. சாப்பிட்ட பின் ஆட்சேபணை கேட்கப்படும் என்று அறிவித்தார்கள். ஊரில் மூத்தவரான கிழவர் ஆஸ்பத்திரியில் கிடந்ததால், அடுத்த மூத்தவரான மச்சான் முன்னால் வேகவைத்த ஆட்டுத்தலையை வைத்தார்கள். அவர் ஆட்டுக் காதை அறுத்து ஒரு பிள்ளைக்குக் கொடுத்தார், மற்றதை முறைப்படி பங்கு வைத்தார். மரியாதை தலைக்கேறி முகம் பளபளத்தது. தட்டுகள் காலியானதும் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். சாப்பாடு முடிந்தால் தலை வாங்கியவர் ஆசி சொல்ல வேண்டுமே.

மச்சான் உள்ளங்கைகளை ஏந்தினார். வாய் பழக்கத்தில் தானாக ஓடியது. "இந்தச் சாப்பாட்டக் குடுத்தவங்க எடுத்த காரியம் கைகூடட்டும், அவங்க வழி தெறக்கட்டும், அவங்க நட்டது இந்த மண்ணுல நெலச்சு நிக்கட்டும்." எல்லோரும் "ஆமீன்" என்று முகத்தைத் தடவிக்கொண்டார்கள். எழுந்தார்கள். ஆசி சொன்ன பிறகு உட்கார்ந்து பேசுகிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. தாள் அவர் சட்டைப்பையிலேயே இருந்தது. லாரி அருகே போனதும்தான் அவர் நின்றார்.

"மாப்ளே, நான் இப்ப என்ன பண்ணினேன்?"

"நட்டது நெலச்சு நிக்கட்டும்னீங்க மச்சான். ரொம்ப நல்லா சொன்னீங்க."

கூட்டக் குறிப்பில் எழுதினார்கள்: ஆட்சேபணை எதுவும் இல்லை, பெரியவர்கள் ஆசி வழங்கினார்கள். மாவட்ட அலுவலகத்துக்குப் போய் மாற்றச் சொல்லுங்கள் என்று அக்கா இரண்டு நாள் சண்டை போட்டாள். மச்சான் அசையவில்லை. "கை ஏந்திச் சொன்னத மறுநாள் இல்லேன்னா, அப்பறம் எவன் பிள்ளைக்கு நான் ஆசி சொல்றது?"

இதற்குப் பிறகுதான் கூத்து. ஹைட்ரஜனுக்கு எங்கள் ஊரில் ஒரே ஒரு வக்கீல் கிடைத்தார், அது சர்சென் மச்சான். கல்யாணமோ சாவோ, எண்ணெய்க் கிணற்றுக்காரன் எவனாவது "எண்ணெய் இருக்கப்ப எவன்யா தண்ணிய எரிப்பான்" என்று வாய் திறந்தால் போதும். "எண்ணெய் என்ன உன் பாட்டன் பொதைச்சு வெச்சதா, தீரவே தீராதா?" என்று பாய்வார். "அது ரொம்ப செலவாமே" என்பான் ஒருத்தன். "மொதல்ல எல்லாமே செலவுதான். ஒன்னப் பள்ளிக்கூடம் அனுப்பினதும் செலவுதான்" என்பார். காற்று, கரண்டு, கப்பல் எல்லாம் அவருக்கு மனப்பாடம். கிணற்றைப் பற்றி மட்டும் வாயே திறக்க மாட்டார்.

கம்பெனி வந்து காற்றளக்கும் கம்பம் ஒன்றை நட்டது. கம்பத்தைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டது. கிணறு வேலிக்குள்ளே. காவலுக்கு ஆள் கேட்டார்கள், நான்தான் போனேன். சாவி என்னிடம் இருந்தால் மச்சானுக்கு வசதி என்று நினைத்தேன், சத்தியமாக.

அப்புறம் ஜெர்மன்காரர் தன் ஊருக்கே திரும்பிப் போனார். வாங்க ஆள் இல்லை, விலை கட்டவில்லை என்று செய்தியில் சொன்னார்கள். காற்றாலை ஒன்றுகூட வரவில்லை. வேலியை எடுக்கவும், என்னிடம் சாவியைத் திரும்ப வாங்கவும் யாரும் வரவில்லை.

போன ஜூலையில், மண் கொதிக்கிற நேரத்தில், இருபத்துமூன்று ஒட்டகமும் வேலியில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றன. நான் கேட்டை விரியத் திறந்தேன்.

"உள்ள ஓட்டுங்க மச்சான். கம்பெனியே ஓடிப்போச்சு. யார் பாக்கப்போறா?"

"நான் பாப்பேன்ல."

"அட உங்க கெணறு மச்சான் அது."

"நட்டது நெலச்சு நிக்கட்டும்னு சொன்னது என் வாயி. நானே உள்ள போனா என் வார்த்தைக்கு என்ன மரியாதை? கேட்ட மூடு."

மூடினேன். திட்டிக்கொண்டேதான் மூடினேன். அவர் தொண்ணூறு கிலோமீட்டர் தாண்டி அக்தாவிலிருந்து கொண்டுவந்த தண்ணியை, வேலிக்கு வெளியே தொட்டியில் திறந்துவிட்டார். ஒட்டகங்கள் குடித்து முடிக்கும்வரை லாரி நிழலில் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு நான் டீசல் பேச்சை எடுக்கவில்லை.

கிளம்பும்போது லாரிக் கண்ணாடியை இறக்கினார். "கெணத்துல தண்ணி எப்படி இருக்கு?"

"நெறைய. எடுக்கத்தான் ஆளில்லையே."

"சும்மா விட்டா கெட்டுப்போயிரும் மாப்ளே. நீ காவக்காரன், நீ உள்ள போலாம். தெனம் பத்து வாளி எறச்சுக் கீழ ஊத்திரு."

அன்றிலிருந்து தினம் காலையில் பத்து வாளி இறைத்து மணலில் கொட்டுகிறேன். வேலிக்கு அந்தப் பக்கம் ஒட்டகங்கள் நின்று பார்க்கின்றன.