மடித்து வைத்த ஆட்டம்

பீரோ தலைமேல் கிடந்த பழந்துணி மூட்டையை இறக்கியபோது அந்தச் சதுரங்கப் பலகை கையில் வந்தது. நோட்டுப் புத்தகம்போல மடிகிற காந்தப் பலகை. சட்டைப் பொத்தான் அளவுக் காய்கள் ஒன்றுகூட நகராமல், இருபத்தைந்து வருடத்துக்கு முன் நிறுத்திய இடத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தன. நடுவில் மடித்த ஒரு சீட்டு. அதைப் படித்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பலகை பிட்டருடையது. ரேணிகுண்டா பக்கம் ஒரு நூல் மில்லில் அவன் பிட்டர், நான் ஸ்டோர் கிளார்க். அவன் என்னை ‘ஸ்டோரு’ என்பான். நானும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. புத்தூரில் பாசஞ்சர் ஏறியதும் மடியில் பலகையை விரிப்போம். வண்டி என்ன குலுங்கினாலும் காய் அசையாது. அதற்காகவே பர்மா பஜாரில் தேடி வாங்கியிருந்தான். எங்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. சாயங்காலம் இறங்கும்போது யார் ஆடவேண்டிய முறையோ, அவன் பலகையை வீட்டுக்குக் கொண்டுபோவான். யோசித்துக் காயை நகர்த்தி, நகர்த்தியதைச் சீட்டில் எழுதி உள்ளே வைத்து மறுநாள் தருவான்.

மில்லில் ஷிப்டு குறைந்துகொண்டே வந்த காலம். எங்கள் பெட்டியிலிருந்தே ஒவ்வொருவராகக் குவைத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருநாள் பிட்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் தோற்கிற கடுப்பில் இருந்தேன். “பேச்ச வுட்டு ஆடுபா” என்றேன். ஆடாமலே பலகையை எடுத்துப் போனான். மறுநாள் அவன் வரவில்லை. அவனுக்கு மச்சான் விசா வாங்கிவிட்டதாகவும், அன்றைக்கே பம்பாய் வண்டி ஏறுகிறான் என்றும் பெட்டியில் பேசிக்கொண்டார்கள். ஊருக்கே தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. எனக்கு எப்போதுமே மூக்கு நுனியில் கோபம். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், அவன் தங்கை பலகையைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். போகிறவனுக்கு என்ன ஆட்டம் வேண்டிக்கிடக்கிறது என்று, திறக்காமலே பீரோமேல் வீசினேன். வழியனுப்பவும் போகவில்லை.

ஒன்பது வருடம் கழித்து வந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. இடது கையில் இரண்டு விரல்களை மெஷின் எடுத்திருந்தது. அவன் போனபின் பிறந்த மகன் பக்கத்தில் வரமாட்டேன் என்கிறான் என்று சொல்லிச் சிரித்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

“அந்தப் பலகையத் தெறந்து பாத்தியாபா?”

என் வீம்பு அப்போதும் அடங்கவில்லை. “பாத்தேனே. அதுக்கின்னா இப்போ?” என்றேன்.

காபியைப் பாதியில் வைத்தான். “ஒண்ணுமில்ல ஸ்டோரு. பாத்தியா இல்லியான்னுதான்.” எழுந்து போனவன் அதற்குப்பின் என் வாசலை மிதிக்கவில்லை. குவைத்துப் பணம் கொடுத்த திமிர் என்று நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன். போன வருடம் இறந்தான். போய் மாலை போட்டுவிட்டு வந்தேன்.

சீட்டில் ஆட்டம் எதுவும் எழுதியிருக்கவில்லை. ‘ஸ்டோரு, எனக்குப் போவ மனசில்ல. மச்சான எதுத்துப் பேச வாய் வர்ல. நீ வந்து போவாதடான்னு ஒரு வார்த்த சொன்னின்னா நின்னுடுவேன். ஏழு மணி வரைக்கும் புத்தூர் டேசன்ல இருப்பேன்.’

அன்றைக்கு ஏழு மணிக்கு நான் வீட்டில்தான் இருந்தேன். ஸ்டேஷன் பத்து நிமிஷ நடை. நான் படித்துவிட்டும் வரவில்லை என்று என் வாயாலேயே அவனிடம் சொல்லியிருக்கிறேன். அதை நம்பியேதான் அவன் செத்திருக்கிறான்.

பலகையை மறுபடி பார்த்தேன். ஆட வேண்டியவன் அவன்தான். ஒரு காயையும் தொடாமல் கொடுத்தனுப்பியிருக்கிறான்.